காத்து செத்த நாட்கள்

அந்த அம்மாவிடம் ஒன்றைக் கேட்டு, தான் எதிர்பார்த்த பதிலோடு திரும்பிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை, அவருடைய பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க, கூவத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பையன் குடிப்பானா என்று இவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

"எங் கண்ணு முன்னால குடிச்சதில்ல."

"அப்ப குடிக்க மாட்டான்னு சொல்றீங்களா?"

"அத்த நான் சொல்லலியே. நான் பாத்தத சொன்னேன். பொயுது சாஞ்சா நான் படுத்துடுவேன்."

வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். பையனின் அம்மா மூன்று மாதம் இவரோடு பேசவில்லை. இதை எனக்குச் சொன்னதும் இவரேதான். சொல்லி முடித்துவிட்டு, "அவன் நெஜமாவே குடிக்க மாட்டான் போலதான் கீது சார். ஆனா நான் எப்பிடி சொல்றது?" என்று வருத்தப்பட்டார். வருத்தம் உண்மையானது. ஆனால் மறுபடி யாராவது வந்து கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே இருக்கும் மணல் திட்டில் கருவாடு காயப்போடுவது அவர் தொழில். நெத்திலியைப் பழைய வலைமேல் பரப்புவார். வாளையைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுவார். அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வாங்கும் அம்மாக்கள், "மண்ணு இருக்காதே?" என்று கேட்பார்கள். "மேலாப்புல இல்ல. அடில பாக்கல. நேத்து ஒரு காக்கா வேற வந்து குந்திச்சி, கயுவிக்கோ" என்பார். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் வருடக்கணக்காக வேறு எங்கும் வாங்காதவர்கள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மறைமலைநகரில் ஒரு கொட்டகையில் சின்னக் காற்றாலைகள் செய்யும் கம்பெனியில் வேலை. நெடுஞ்சாலையில் போகும்போது லாரியில் ஒற்றை இறக்கையைப் படுக்கவைத்து எடுத்துப்போவார்களே, அந்த ராட்சத வகை இல்லை. ஒரு பண்ணை வீட்டுக்கு விளக்கெரிக்க, மோட்டார் ஓட்ட, செல்போன் கோபுரத்துக்கு பேட்டரி ஏற்ற என்று தென்னை மர உயரத்தில் நிற்கும் சின்ன வகை. அந்தக் குப்பத்துக்கு ஓர் அறக்கட்டளை காற்றாலை வைத்துத் தர முன்வந்தது. அதில் வரும் மின்சாரத்தில் ஒரு பெரிய குளிர்பெட்டி ஓடும். விற்காத மீனைப் பெண்கள் அதில் வைத்து, மறுநாள் நல்ல விலைக்கு விற்கலாம். ஐஸ் வண்டிக்காரன் வரும் நேரத்துக்குத் தவம் கிடக்க வேண்டாம்.

அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. அந்த இடத்தில் ஒரு வருடம் காற்றை அளந்து காட்ட வேண்டும். அளக்கும் வேலை என்னுடையது.

ஆனி மாதம் போய்க் கம்பம் நட்டேன். உச்சியில் மூன்று கிண்ணங்கள். காற்றடித்தால் அவை சுற்றும், எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று அடியில் இருக்கும் பெட்டி குறித்துக்கொள்ளும். கம்பம் சாயாமல் இருக்க நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினோம். நட்டு முடித்த பிறகுதான் அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நீ கம்பி நட்டுகினு கீறது நான் வாளை தொங்கவிட்ற எடம். இந்தக் கம்பில கவுறு கட்டிக்கவா?"

"தாராளமா கட்டிக்கங்கம்மா. அதுக்கென்ன."

"கட்டிக்கலாம்னு சொல்ற?"

"சொல்றேன்."

இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவை பதில் வாங்கிக்கொண்டார். நான் அதே வாயோடு, கம்பத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கிண்ணம் நின்றால் போன் செய்யுங்கள் என்று நம்பரும் கொடுத்தேன். இது எதற்கு என்று விவரம் கேட்டார். குளிர்பெட்டி என்றேன். கடல் பக்கம் கையை நீட்டினார்.

"ஆடில வந்து பாரு, கைய புச்சி இய்க்கும். ஐப்பசில மழை வுட்டா பாதி நாளு காத்து செத்துப்பூடும். மாசிலயும் அப்பிடித்தான். என் கருவாடு புழு வைக்கிற மாசம் அது. தண்ணி ஏத்தறதுக்கு வைய்யேன் சார். டாங்கில கீற தண்ணி நாலு நாளு ஆனாலும் கெடாது. மீனு கெட்டுப்பூடும்."

பதினைந்து வருடத்துக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சின்னக் காற்றாலையை எதற்கு வைக்கலாம், எதற்கு வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்கவில்லை. அன்று என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "அப்ப நீங்களே கணக்கு வெச்சுக்கங்கம்மா, காத்து இல்லாத நாளை எல்லாம்" என்றேன். கிண்டல்தான். அவருக்குக் கிண்டல் புரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் மூன்று மாதம் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் திருக்கழுக்குன்றம் வழியாக ஒழுங்காகப் போய்ப் பெட்டியில் இருப்பதை எடுத்து வந்தேன். அதன் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. கம்பெனி தெற்கே கயத்தாறு பக்கம் வேறு வேலைக்கு அனுப்பியது. போவதை நிறுத்திவிட்டுப் போனில் விசாரிக்க ஆரம்பித்தேன்.

"கிண்ணம் சுத்துதாம்மா?"

"இப்ப சுத்துது."

"நேத்து?"

"காலைல சுத்துச்சி. மத்தியானம் நான் சந்தைக்குப் பூட்டேன். பாக்கல."

புரட்டாசி முடியும் சமயம் அவரே போன் செய்தார். "சார், கிண்ணம் நின்னுட்ச்சி."

"காத்து இருக்காதும்மா."

"காத்து கீது சார். வாளை ஆடுது, எம் பொடவ பறக்குது. கிண்ணந்தான் நிக்குது. உப்பு புச்சிகிச்சு போல."

வருகிறேன் என்றேன். போகவில்லை. மறுநாள் கூப்பிட்டார், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். எடுத்தால் போக வேண்டியிருக்கும் என்று எடுக்காமல் விட்டேன். நாலைந்து நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்பாடா என்றிருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது, ஆனால் அப்பாடா என்றுதான் இருந்தது.

ஒன்பது மாதத்துக்கான எண்களை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தயாரித்தேன். ஆனி, ஆடி, ஆவணியின் எண்களை எடுத்து, அங்கே ஒன்றைக் கூட்டி இங்கே ஒன்றைக் குறைத்து, மற்ற மாதங்களுக்குப் பிரித்துப் போட்டேன். என் தாளில் வருடம் முழுக்க ஆடிக் காற்று அடித்தது. மனைவி தோசை கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ் வேலையா, பாவம்" என்றாள்.

நடுவில் ஒரு முறை முதலாளி திடீரென்று குப்பத்துக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டார். நல்லவேளையாக அன்று கிண்ணங்களை அவர் கவனிக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பி மாசா மாசம் வர்றாரா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அவுருதான் உன் பின்னால நிக்கிறாரே. அவர கேளு."

முதலாளி சிரித்துவிட்டு விட்டுவிட்டார். கார் கிளம்பும் முன் நான் அந்த அம்மாவிடம் ஓடிப்போய் நன்றி சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனுக்கோசரம் ஒண்ணும் சொல்லல. ஆளு எதுர நிக்கும்போது அவன் கதைய நான் எதுக்கு சொல்லணும்? அவனுக்கு வாயி இல்லியா?"

அடுத்த ஆனியில் கம்பத்தைப் பிடுங்கப் போனபோது ஒரு வலைக்கயிற்றுச் சுருளைக் கையில் கொடுத்தார். நிறைய முடிச்சுகள், நடுநடுவே சிவப்புத் துணித் துண்டுகள். "நீ கேட்டியே. காத்து செத்த நாளைக்கு ஒரு முடிச்சு. மாசம் பொறந்தா ஒரு துணி" என்றார். சரிம்மா சரிம்மா என்று வாங்கி, பைக்கின் பக்கப் பெட்டியில் போட்டேன். மறந்தும் போனேன்.

சித்திரையில் காற்றாலை ஏறியது. நல்லவிதமாகவே ஓடியது. மத்தியானம் மூன்று மணிக்குக் கடல்காற்று எழும்பினால் இறக்கைகள் விர்ரென்று சுற்றும், பேட்டரி நிறையும், குளிர்பெட்டியின் பச்சை விளக்கு எரியும். பெண்கள் முதல் முறையாக மீனைப் பொழுதோடு அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். ஐஸ் வண்டிக்காரனை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காற்றாலையின் அடியில் நின்று நான் எடுத்துக்கொண்ட படம் கம்பெனியின் காலண்டரில் வந்தது.

ஐப்பசியில் மழை விட்டது. காற்று செத்தது.

அந்த வாரம் பார்த்து நல்ல பாடு. சங்கராவும் வஞ்சிரமும் கூடை கூடையாக வந்திருக்கின்றன. எல்லோரும் குளிர்பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். அந்த அம்மா மட்டும் தன் பங்கை அறுத்து உப்புப் போட்டுவிட்டு, ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருக்கிறார்: "வோணாம்மே, மூணு நாளா காத்து இல்ல. கயிறு நேரா தொங்குது, நான் பாக்கறேன்." கேட்பாரில்லை. என் தாளில்தான் வருடம் முழுக்கக் காற்று இருந்ததே. குப்பத்துக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியவனும் நான்தான். பேட்டரி இறங்கியது. ஐஸுக்கு ஆள் விட்டபோது வண்டிக்காரன் வேறு ஊர் பிடித்துவிட்டிருந்தான். பன்னிரண்டு வீட்டு மீன் அழுகி, மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்த அம்மாவைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? அவள் வாய் வைத்ததால்தான் காற்று செத்தது என்று பேசினார்கள்.

அடுத்த வாரம் வலை பின்னும் கூடத்தில் கூட்டம். குப்பத்துக்குத் தலைவரான நாட்டார், சென்னையிலிருந்து அறக்கட்டளை மேடம், என் முதலாளி, நான். சுவரோரமாகப் பெண்கள். மேடம் என் தாளை மடியில் வைத்துக்கொண்டு, "இதில் எல்லா மாதமும் காற்று இருக்கிறதே, எப்படி?" என்று அமைதியாகக் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னால் வேலை போகும். மனைவிக்கு ஏழாவது மாதம். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, அந்த நேரம் என் தலையில் ஓடியதைச் சொல்கிறேன்.

"கம்பத்தோட ஸ்டே கம்பியில கருவாட்டுக் கயிறு கட்டியிருந்தாங்க மேடம்" என்றேன். "மீன் வாசனைக்குக் காக்கா கூட்டமா வந்து கிண்ணத்து மேல உட்கார்ந்துச்சு. அதுல அளவெல்லாம் தப்பாயிடுச்சு."

யாராவது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என்னைப் பிடித்திருக்கலாம். காக்கா உட்கார்ந்தால் கிண்ணம் மெதுவாகத்தான் சுற்றும், காற்று குறைவாகத்தான் பதிவாகும். என் தாளிலோ அதிகமாக இருந்தது. யாரும் யோசிக்கவில்லை. மீன் போன ஆத்திரத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

நாட்டார் சுவர்ப் பக்கம் திரும்பினார். "இன்னாமே, கட்னியா?"

"கட்னேன்."

"யாரக் கேட்டு கட்ன?"

அந்த அம்மா எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையன் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்களே, அதுபோல இருந்தார்.

"அத்த சார் சொல்லட்டும். எதுரதான் குந்திகினு கீறாரு."

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: நான்தான் கட்டிக்கொள்ளச் சொன்னேன். நான் குனிந்து பையைத் திறந்து, அதில் இல்லாத ஒரு காகிதத்தைத் தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை என்பதால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடைசியில் நாட்டார் தொண்டையைக் கனைத்தார். இனி அந்த மணலில் அவர் கருவாடு போடக் கூடாது என்று முடிவு சொன்னார். அந்த அம்மா அப்படியே கீழே உட்கார்ந்தார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். எதிரில் ஆள் இருக்கும்போது அவன் கதையை அவர் சொல்லமாட்டார் என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நம்பித்தான் நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

விசாரணை அறிக்கையை எழுதும் வேலையும் எனக்கே வந்தது. அதில் அந்த அம்மாவின் முழுப் பெயரை, கணவர் பெயரோடும் கதவு எண்ணோடும் எழுதினேன். இங்கே பெயரைச் சொல்லாததற்கு அதுதான் காரணம். குற்றவாளி என்று எழுதிய இடத்தில் பெயரை அவ்வளவு தெளிவாகப் போட்ட எனக்கு, இன்னொரு முறை அதை எழுத மனம் வரவில்லை.

வேலை போகவில்லை. பிறகு பெரிய கம்பெனிக்கு மாறினேன். மற்றவர்கள் அளந்து அனுப்பும் காற்றுக் கணக்கைச் சரிபார்ப்பதுதான் இப்போது என் உத்தியோகம். "கம்பத்துக்குக் கீழ போய் நின்னியா? நீ கண்ணால பாத்தியா?" என்று பையன்களை விரட்டுவேன். ரொம்பக் கறாரான ஆள் என்று எனக்குப் பெயர். அந்தக் கேள்வியை யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

பைக்கை விற்கும் நாளில் பக்கப் பெட்டியைக் காலி செய்தபோது கயிறு கிடைத்தது. அதே சாப்பாட்டு மேஜையில் விரித்து, துணிக்குத் துணி எண்ணினேன். ஆடிக்கு ஒரு முடிச்சுகூட இல்லை. ஐப்பசியில் பன்னிரண்டு. அதில் ஒன்பது, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. மாசியில் பதினொன்று. புழு வைத்த ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட ஒரு பொறியாளனுக்கு வேறு எதுவும் தேவையில்லை. அந்தக் கணக்கு நான் போகும் இடமெல்லாம் என் தொடைக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்திருக்கிறது.

போன மாதம்தான் போனேன். இத்தனை வருடம் கழித்து. கயிற்றையும் எடுத்துக்கொண்டேன்.

காற்றாலை இன்னும் நிற்கிறது. குளிர்பெட்டிக்கு மின்வாரியத்து இணைப்பு வந்துவிட்டதாம். காற்றாலை இப்போது கிணற்றிலிருந்து டாங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. காற்று இருக்கும் நாளில் நிரம்பி, இல்லாத நாளைக்கும் வருகிறது. யாருடைய யோசனை என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மா, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த தன் வீட்டின் மொட்டை மாடியில் இருந்தார். மணலை விட்ட நாளிலிருந்து அங்கேதான் கருவாடு. படிக்கட்டு கிடையாது, வெளியே ஒரு இரும்பு ஏணிதான். முட்டி வீங்கியிருந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்து ஏறுவாராம், தினமும் ஆறேழு தடவை. என்னைப் பார்த்ததும், "இன்னா சார், மயிரெல்லாம் நரைச்சிப்போச்சி" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேஜையில் உட்கார்ந்து எண் போட்டதை, போனை எடுக்காததை, பையைத் துழாவியதை. கயிற்றை எடுத்து முன்னால் வைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் நெத்திலியைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டார். முடித்த பிறகு நிமிர்ந்தார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்ற? நான்தான் பாத்தேனே. பாக்காதவங்களாண்ட போய் சொல்லு."

கயிற்றை என் பக்கம் தள்ளிவிட்டு, கூடத்தின் திசையில் தாடையை ஆட்டினார். "நாட்டாரு அங்கதான் கீறாரு."

ஏணியில் இறங்கினேன். கூடம் அறுபது அடி தூரம்கூட இருக்காது. அதே நாட்டார், தலை நன்றாக வெளுத்திருந்தது. இன்னும் மூன்று பேரோடு வலை பின்னிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். கயிறு கைக்குள் இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாரு சார்? எங்கியோ பாத்தா மாறி கீதே. இன்னா ஓணும்?"

வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க. ஈசிஆர் ரோட்டுக்கு எப்படிப் போறதுன்னு..."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டார் ஊசியை நீட்டி எனக்குப் பின்னால் காட்டினார். "தோ, பஸ்ஸு போவுது பாரு."

திரும்பினேன். சாலை பளிச்சென்று தெரிந்தது. அதற்கு முன்னால் மொட்டை மாடியும் தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் வந்தது என்று சாயங்காலம் யாராவது அவரிடம் கேட்டிருப்பார்கள். "காத்தாடி சாரு வந்தாரு. கூடத்தாண்ட நின்னாரு. வயி கேட்டுகினு பூட்டாரு" என்று சொல்லியிருப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருக்கமாட்டார்.